காய்ச்சல் ரசமும் ரேஷன் பருப்பும்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்களில் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் முதலில் அடுப்பில் ஏறுவது நொய்க் கஞ்சி. மறுநாள் வாய்க்கசப்புக்கு மிளகு ரசமும் குழைய வடித்த சோறும். அசைவம் சாப்பிடும் வீடாக இருந்தால் காய்ச்சல் இறங்கியதும் நாட்டுக்கோழிச் சாறு அல்லது ஆட்டுக்கால் சூப். மழைக்காலமாகி ஏரி நிரம்பியிருந்தால் வயல் நண்டை இடித்து ஒரு ரசம். நெஞ்சுச் சளிக்கு அதை மிஞ்ச எதுவும் கிடையாது என்பார்கள் பெரியவர்கள். இவற்றோடு கடைத்தெருவிலிருந்து ஒரு பாக்கெட் பிரெட்டும் வந்து சேரும், சூடான பாலில் நனைத்துக் கொடுக்க.

இதில் எது உள்ளூர், எது வெளியூர் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. காய்ச்சல்காரருக்கு ஆகும் என்ற ஒரே வரிசையில், பல நூற்றாண்டுப் பழக்கமான மிளகும் போன தலைமுறையில் வந்த பிரெட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. எங்கோ பிறந்த ஓர் உணவு ஒரு கிராமத்து வீட்டில், மனசுக்கு இதமான, வேண்டியவர்களுக்கென்று செய்து கொடுக்கிற பண்டமாக ஆவது எப்படி? ருசிதான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஓட்டலில் சாப்பிட்டோம், பிடித்துப்போனது, வீட்டிலும் செய்தோம் என்று. இந்தப் பகுதியின் சாப்பாட்டு வரலாற்றைப் பார்த்தால் ருசிக்குக் கடைசி இடம்தான் தோன்றுகிறது. அயல் உணவுகள் பெரும்பாலும் நோய், தட்டுப்பாடு, குழந்தை என்ற மூன்று வாசல்கள் வழியாகத்தான் அடுப்படிக்குள் வந்திருக்கின்றன.

முதலில், எது நம்முடையது என்ற கேள்வியைத் தீர்த்துவிடலாம். உத்திரமேரூர் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குடவோலை. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுக்குக் குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுக்கும் முறையைச் சொல்கின்றன. அரசியல் ஆய்வாளர்கள் குடத்தைப் பார்த்தார்கள். சாப்பாட்டை ஆராய்கிறவர் பார்க்க வேண்டியது தோட்டத்தை. அந்த வாரியம் கண்காணித்த தோட்டங்களில் கத்தரியும் வாழையும் பாகலும் அவரையும் இருந்திருக்கும். மிளகாய் கிடையாது. தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, மரவள்ளி, பப்பாளி, கொய்யா ஒன்றுமே கிடையாது. இவை அத்தனையும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கொலம்பஸின் 1492-ஆம் ஆண்டுப் பயணத்துக்குப் பிறகே கடல் தாண்டின. மிளகாய் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக மேற்குக் கரைக்கு வந்தது. தக்காளி தமிழ்ச் சமையலில் சாதாரணமாகப் புழங்கத் தொடங்கியது அதற்கும் வெகுகாலம் பின்னால்.

அந்தப் பழைய அடுப்படியின் சாயல் இன்றும் இரண்டு இடங்களில் தங்கியிருக்கிறது. ஒன்று திவசச் சமையல். மிளகாய், தக்காளி, உருளை, கேரட், கோஸ் எதுவும் அதில் சேராது. காரத்துக்கு மிளகு, காய்க்கு வாழைக்காயும் பாகற்காயும் புடலங்காயும். மற்றொன்று கோயில் மடைப்பள்ளி. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில், மந்தாரை இலை விரித்த நீண்ட மூங்கில் குடலையில் வேகும் இட்லியின் காரம் மிளகும் சுக்கும்தான். சீரகம், பெருங்காயம், நெய் வாசனைக்கு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்து நிவந்தக் கல்வெட்டுகள் மிளகு, சீரகம், கடுகு, புளி, தயிர், நெய், பருப்பு என்று அடுக்குவதையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். கடவுளுக்கும் இறந்தவர்களுக்கும் பழைய சமையல். உயிரோடு இருக்கிற பிள்ளைகளுக்குப் புதியது. தமிழ் வீடுகள் எப்போதோ செய்துகொண்ட ஏற்பாடு இது.

இட்லியாவது நமதுதானே என்றால், அதிலும் வழக்கு இருக்கிறது. கன்னட நூலான வட்டாராதனை, ஏறக்குறைய 920-ஐச் சேர்ந்தது, இட்டலிகே என்ற பண்டத்தைக் குறிப்பிடுகிறது. குடவோலைக் கல்வெட்டின் வயதுதான் அதற்கும். அக்காலத்துக் குறிப்புகளில் காணப்படுவது உளுந்து மட்டும். அரிசியும் உளுந்தும் சேர்த்துப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கும் முறை இந்தோனேசியத் தொடர்பால் வந்திருக்கலாம் என்றார் உணவு வரலாற்று ஆசிரியர் கே. டி. அச்சயா. அது ஊகம்தான், நிரூபணம் இல்லை. ஆனால் காஞ்சி இட்லியை முன்வைத்து மண்ணின் பெருமை பேசுகிறவர்கள் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்ளலாம்.

கூழ் இன்னும் சுவாரஸ்யம். ஆடி மாதத்தில் இந்தப் பக்கத்து மாரியம்மன் கோயில்களில் ஊற்றும் கூழைவிட உள்ளூர்த்தன்மை கொண்ட உணவைக் காட்ட முடியாது. முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யை வேகவிட்டு, அதில் மாவை ஊற்றிக் கிண்டி இறக்கி, ஆறிய பின் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்புமாகக் கொடுப்பார்கள். அந்தக் கேழ்வரகின் பிறப்பிடம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். கம்பும் சோளமும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. குழம்புக்குக் கரைக்கும் புளியின் பூர்வீகமும் அதே கண்டம்தான். சென்னை நெடுஞ்சாலை ஓரங்களில் பாரம்பரிய உணவு என்று பலகை வைத்து விற்கிறார்களே, அதில் பாதி ஆப்பிரிக்கப் பாரம்பரியம். இதில் குறை ஒன்றும் இல்லை. நாலாயிரம் ஆண்டுப் பழக்கமோ நாற்பது ஆண்டுப் பழக்கமோ, மூலப்பொருளின் ஊரைத் தேடிப் போனால் எந்த வீட்டிலும் உள்ளூர்ச் சமையல் மிஞ்சாது என்பதற்காகச் சொல்கிறேன்.

காஞ்சியை நோக்கிப் போகும் வழியில் வெவ்வேறு இனத்தாரின் சாப்பாட்டை வரிசையாகக் காட்டும் நூலும் நமக்கு வாய்த்திருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்கிறது. எயினர் வீட்டில் உடும்புப் பொரியல், ஆயர் வீட்டில் பாலும் தினைச்சோறும், உழவர் வீட்டில் வெண்சோறும் கோழியும், அந்தணர் வீட்டில் மிளகும் கறிவேப்பிலையும் இட்ட மாதுளங்காயும் மாவடுவும் என்று அது போகிறது. பசியோடு வருகிற அந்நியனுக்கு ஒவ்வொரு வீடும் தன்னிடம் இருப்பதைக் கொடுக்கிறது. ஆயர் வீட்டில் தினைச்சோறு தின்ற பாணன் ஊருக்குத் திரும்பி மனைவியிடம் அதையே கேட்டிருப்பானா என்று நூல் சொல்லவில்லை. நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.

நோயின் வாசலுக்கு வருவோம். வாய்க்கு விதித்திருக்கும் கட்டுப்பாடுகளெல்லாம் நோயாளியிடம் தளர்ந்துவிடும். வைத்தியர் சொன்னார் என்றால் மாமியார்கூட மறுபேச்சுப் பேசமாட்டார். ஆரோரூட் கஞ்சியும் ஜவ்வரிசிக் கஞ்சியும் ஹார்லிக்ஸும் பிரெட்டும் தமிழ் வீடுகளுக்குள் கால் வைத்தது இந்தச் சலுகையில்தான். மத்திய அரசு 1965-இல் மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு நகரங்களில் பிரெட் மலிந்தது. கிராமத்தில் அப்போதும் அது ஆஸ்பத்திரிப் பண்டமாகவே இருந்தது. நன்றாக இருக்கிறவர் பிரெட் தின்றால், உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். இன்று அந்த இடத்தைப் பிடித்திருப்பது சப்பாத்தி. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்கிறது. சுகர் வந்த அப்பாவுக்கு ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி என்பது இப்போது கிராமங்களிலும் சகஜம். கோதுமையில் மாயம் எதுவும் இல்லை, அதிலும் மாவுச்சத்துதான். ஒரு குண்டான் சோற்றுக்குப் பதில் இரண்டு சப்பாத்தியோடு நிற்பதால் அளவு குறைகிறது, அவ்வளவே. ஆனாலும் பஞ்சாபின் அன்றாட உணவு, இங்கே அப்பாவின் உடம்புக்காக அம்மா தனியாக மெனக்கெடும் உணவாகிவிட்டது.

தட்டுப்பாட்டின் வாசல் இதைவிட அகலம். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும், ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. பங்கீட்டுக் காலத்தில் அரிசி தின்றவர்கள் கோதுமையையும் ரவையையும் எப்படியாவது சமாளிக்க வேண்டியிருந்தது. பெங்களூரில் எம்.டி.ஆர். உணவகத்தார் தங்கள் ரவா இட்லி அந்த அரிசிப் பஞ்சத்தில் பிறந்தது என்று சொல்லிக்கொள்கிறார்கள். பிறகு 1956-இல் அமெரிக்காவுடன் பி.எல். 480 உணவு தானிய ஒப்பந்தம், 1965–66 வறட்சியில் கப்பல் கப்பலாகக் கோதுமை. தமிழ்நாட்டில் 1967 தேர்தலே ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பதைச் சுற்றித்தான் நடந்தது. அரிசி கிடைக்காத வீட்டில் கோதுமை ரவையில் செய்ததுதான் உப்புமா. ஏழை வீட்டின் அவசர உணவு, திடீர் விருந்தாளிக்கான உணவு, ஆகவே பிள்ளைகள் முகம் சுளிக்கும் உணவு. அதே உப்புமாவை 2011-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிச் சமையல் போட்டி ஒன்றின் இறுதிச் சுற்றில், மும்பையில் பிறந்த சமையல் கலைஞர் ஃப்ளாய்டு கார்டோஸ் செய்து பரிசு வென்றார். இங்கே இன்னமும் அதைக் கேலி செய்துகொண்டிருக்கிறோம்.

கடல் கடந்த தமிழர்களிடமும் இதே கதைதான். ஈழத்தில் கோதுமை மாவை அவித்துச் சலித்துப் புட்டும் இடியப்பமும் செய்யும் பழக்கம் ஊன்றிவிட்டது. 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் கும்மிடிப்பூண்டி முதலான முகாம்களில் தங்கள் புட்டையும் சொதியையும் சம்பலையும் தொடர்ந்து செய்தார்கள். இந்த முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று 2021-இல் அரசு பெயர் மாற்றியது. தேங்காய்ப்பால் சொதிக்குப் பெயர்மாற்றம் தேவைப்படவில்லை.

இன்றைய உத்திரமேரூர்ச் சாம்பாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கடையில் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அந்தப் பருப்பு சில மாதங்களில் துவரை, சில மாதங்களில் கனடாவின் மஞ்சள் பருப்பு. பாமாயிலுக்கு மூலம் மலேசிய, இந்தோனேசியத் தோட்டங்கள். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துச் சொத்து, புளி ஆப்பிரிக்கா. பல கண்டங்கள் ஒரு குழம்புச் சட்டியில். அதைச் சாப்பிட்டுவிட்டு மருமகள், நம்ம வீட்டுச் சாம்பார் மாதிரி வராது என்று தாய்வீட்டை நினைத்துக்கொள்கிறாள். அவள் சொல்வதும் உண்மைதான்.

பழைய சோறும் கூழும் அன்றாடமாக இருந்த வீடுகளில் இட்லி தினப்படிக்கு வந்ததும் அண்மையில்தான். முந்தைய தலைமுறையினரைக் கேட்டால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் இட்லி கண்டோம் என்பார்கள். 2011 ஜூனிலிருந்து குடும்ப அட்டைக்கு விலையில்லா அரிசி. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் விலையில்லா மிக்சியும் கிரைண்டரும். ஆட்டுக்கல்லில் ஒரு மணி நேரம் தோள் வலிக்க ஆட்டினால் கிடைத்த மாவு, சுவிட்சைப் போட்டால் கிடைத்தது. பிள்ளை இட்லி கேட்டால் பண்டிகை வரட்டும் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் போயிற்று. வறுமையைப் பற்றிப் பேசும்போது இலவசங்களைப் பழிப்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்பது நல்லது.

குழந்தையின் வாசல் எல்லோருக்கும் தெரிந்தது. 1983-இல் மேகி நூடுல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. இன்று கிராமத்துப் பெட்டிக்கடையிலும் பத்து ரூபாய் நூடுல்ஸ் பாக்கெட் தொங்குகிறது. வீட்டில் அது வேறு அவதாரம் எடுக்கிறது. வெங்காயம், தக்காளி, கறிவேப்பிலை தாளித்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால், அது நூடுல்ஸா சேமியா உப்புமாவா என்று செய்தவருக்கே சந்தேகம் வரும். ஃப்ரைடு ரைஸ் என்று பிள்ளை கேட்க, மிஞ்சிய சோற்றில் கேரட்டும் பீன்ஸும் மிளகுத்தூளும் போட்டுக் கொடுப்பதும் இப்படித்தான். இது கலப்படம் இல்லை, அயல் பண்டத்தை நம் கைப்பழக்கத்துக்குத் திருப்பிக்கொள்வது. 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ரவா கிச்சடியும் அதே வழியில் வந்ததுதான். வடக்கே கிச்சடி என்றால் அரிசியும் பாசிப்பருப்பும். 14-ஆம் நூற்றாண்டில் வந்த இப்னு பதூதாவே அதைக் குறித்திருக்கிறார். நம் ஊரில் அது ரவையும் காயும் மஞ்சளுமாக ஆகிவிட்டது. சமைப்பவர்கள் உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். இன்னும் இருபது ஆண்டு கழித்து இந்தப் பிள்ளைகள் வெளியூரில் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கும்போது எதை நினைப்பார்கள்? பள்ளிக்கூடக் கிச்சடியை நினைப்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள்.

இனி ஆறுதலுக்கு வருவோம். அது பண்டத்தில் இருக்கிறதா, வேறு எதிலாவது இருக்கிறதா? அமெரிக்காவில் நடந்த மூன்று ஆய்வுகள் இதற்கு உதவும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ரென்னார்ட் 2000-ஆம் ஆண்டில் தன் மனைவியின் லித்துவேனியப் பாட்டியுடைய செய்முறைப்படி வைத்த கோழிச் சூப்பை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். ஒருவகை வெள்ளணுக்களின் நகர்வை அது மட்டுப்படுத்துவதைக் கண்டார். சளித் தொந்தரவு தணிவதற்கு அது காரணமாக இருக்கலாம் என்றார். சோதனைக் குழாயில் கண்டதே தவிர மனிதர்களிடம் கண்டது இல்லை. ஆனாலும் நண்டு ரசக்காரர்கள் மகிழ்ந்துகொள்ளலாம். இரண்டாவது, 2011-இல் ஜோர்டன் ட்ராய்சியும் ஷிரா கேப்ரியலும் வெளியிட்டது. கோழிச் சூப்பைத் தங்களுக்கு ஆறுதலான உணவு என்று கருதுபவர்கள் அதைக் குடித்த பின் உறவு சார்ந்த சொற்களே அவர்கள் மனதில் முந்திக்கொண்டு வந்தன. மூன்றாவது இவற்றுக்கு எதிராகப் போகிறது. 2014-இல் ட்ரேசி மேன் குழுவினர் ஆட்களுக்கு மனதைக் கலக்கும் படக்காட்சிகளைக் காட்டி, பிறகு சிலருக்கு அவரவர் விரும்பும் ஆறுதல் உணவையும் சிலருக்கு வேறு உணவையும் கொடுத்தார்கள், சிலருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. எல்லோருடைய மனநிலையும் ஒரே அளவில்தான் தேறியது.

முரண் போலத் தெரிந்தாலும் இவை ஒத்துப்போகின்றன என்பது என் கணிப்பு. ஆய்வுக்கூடத்தில் கிண்ணத்தை நீட்டியவர் அந்நியர். அங்கே ஆறுதல் உணவும் வெறும் உணவுதான். வீட்டில் கஞ்சியோடு வருவது இன்னொருவரின் நேரம். நெற்றியில் கை வைத்துப் பார்த்து, இன்றைக்குப் புளி வேண்டாம் என்று முடிவெடுத்து, மிளகை அம்மியில் நுணுக்கும் ஆளின் கவனம். பிரெட் வந்தாலும் சப்பாத்தி வந்தாலும் நூடுல்ஸ் வந்தாலும் அவற்றை ஏற்றுக்கொள்ள வைப்பது அந்தக் கவனம்தான். இதனால்தான் அயல் உணவுக்கு உள்ளே வர நோயோ பஞ்சமோ பிள்ளையோ தேவைப்படுகிறது. ஒருவரைப் பற்றி இன்னொருவர் கவலைப்படும் நேரங்கள் அவை.

அப்படியானால் கவலைப்படுகிறவர் யார் என்று கேட்டாக வேண்டும். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட சமைத்துப் பார், கூட்டுக்குடும்பத்தில் மாமியாரிடமிருந்து கற்க வாய்ப்பில்லாத புதுப்பெண்களுக்கு அளவு சொல்லிக் கொடுத்தது. கைமாறி வந்த அறிவு அச்சேறியபோதும் வாசிக்க வேண்டியவள் பெண்தான் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுக்கான ஊதியமில்லா வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். ஆண்களில் நான்கில் ஒருவரே அந்தக் கணக்கில் வருகிறார். மற்ற மூவர் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது என்று இதற்குப் பொருள் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள் ஷிப்ட் முடிந்து வந்து ரொட்டி தேய்க்கிறார்கள், உருளைக்கிழங்கு வதக்குகிறார்கள். அந்தப் பக்கத்து மளிகைக் கடைகள் கடுகெண்ணெய் வாங்கி வைப்பது அவர்களுக்காகத்தான். வளைகுடாவுக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகளும் போன் போட்டு அம்மாவிடம் கேட்டுக் கேட்டுக் குழம்பு வைக்கிறார்கள். வீட்டில் இன்னொருவர் இருக்கும்வரை அந்தத் திறமைக்கு வேலை வருவதில்லை. அதே தொழிற்சாலைகளுக்கு கம்பெனி பஸ் ஏறிப் போகும் கிராமத்துப் பெண்கள் விடிவதற்கு முன் சமைத்து வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

ஒரு பெண்ணுக்கென்று வீடு சமைத்துப் போடும் காலம் பிரசவம் ஒன்றுதான். தாய்வீட்டில் பூண்டுக் குழம்பு, கருவாடு, பால் சுறாப் புட்டு, வெந்நீர் எல்லாம் கைக்கு வரும். புகுந்த வீட்டுக்குத் திரும்பியதும் அது முடிந்துபோகிறது. பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தாலும், கஞ்சி வைத்துக் குடித்துவிட்டு மற்றவர்களுக்குச் சோறும் வடித்து வைத்துவிட்டுத்தான் படுக்கிறாள். ஊரெங்கும் உள்ள ஆறுதல் உணவுகளை எல்லாம் கற்றுச் செய்பவளுக்கு, அவளுடைய ஆறுதல் உணவு எது என்று அந்த வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வாசிக்கிறவர்கள் அவரவர் வீட்டில் கேட்டுப் பார்க்கலாம். சமைப்பவர் சின்ன வயதில் காய்ச்சலில் படுத்தபோது என்ன சாப்பிட்டார், யார் செய்து கொடுத்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவருக்கு உடம்பு முடியாமல் போனால் அதைச் செய்து கொடுங்கள். மிளகு ரசம் என்றால் அரை மணி நேரம்கூட ஆகாது.